மனிதர் தொடங்கும் 'நொடி': மருத்துவ அறவியல் பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

பயிற்றுநர்களின் பார்வைக்கு நீங்கள் அனுப்பிய திருத்திய பாடநூல் வரைவைப் படித்து முடித்தேன். பழைய நூலில் "மனிதர் எப்போது தொடங்குகிறார்?" என்ற கேள்விக்கு 3 வகுப்புகள் ஒதுக்கப்பட்டிருந்தன. வரைவில் அந்தப் பகுதியே இல்லை. அது இருந்த இடத்தில் ஒரே ஒரு வாக்கியம் நிற்கிறது: "மனித வாழ்வு கருவுறும் நொடியில் தொடங்குகிறது, இது அறிவியலால் நிறுவப்பட்ட உண்மை." பாடத்தின் முடிவில் அதற்கு ஒரு மதிப்பெண் கேள்வியும் வைத்திருக்கிறீர்கள். நான்கு விடைகள் கொடுத்து, ஒன்றை மட்டும் சரி என்று குறித்திருக்கிறீர்கள்.

அந்த வாக்கியத்தை நீக்கச் சொல்லிக் கேட்கவே இதை எழுதுகிறேன். கருவுறுதலோடு மனிதர் தொடங்கிவிடுகிறார் என்று ஆழ்ந்து யோசித்து ஏற்றுக்கொண்டவர்கள் பலர் உண்டு. அவர்களில் சிலர் என்னோடு தினமும் வேலை செய்கிறவர்கள். அந்தக் கருத்தை யாரும் வைத்திருக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. 'அறிவியலால் நிறுவப்பட்டது' என்கிற பாதிதான் உண்மையல்ல. நாளைக்கு நோயாளிகள் முன்னால் உட்காரப் போகிற பிள்ளைகளுக்கு அதை உண்மை என்று என்னால் சொல்லித்தர முடியாது.

நான் கருத்தரிப்பு சிகிச்சை மையம் ஒன்றின் லேப்பில் கருக்களை உருவாக்கிக் கவனிக்கும் எம்ப்ரியாலஜிஸ்ட். மாணவர்களுக்கு வகுப்பும் எடுக்கிறேன். நீங்கள் 'நொடி' என்று எழுதியிருக்கும் அந்த நிகழ்வைப் பார்ப்பதுதான் என் காலை வேலை. அங்கே என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

முதல் நாள் சினைமுட்டையையும் விந்தணுக்களையும் சேர்த்து இன்குபேட்டரில் வைக்கிறோம். 16 முதல் 18 மணி நேரம் கழித்து, மறுநாள் காலை, டிஷ்ஷை எடுத்து மைக்ரோஸ்கோப்பின் கீழ் வைப்பேன். அதிக நேரம் வெளியே வைத்திருக்கக் கூடாது. கையும் கண்ணும் சுறுசுறுப்பாக இருக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள முட்டை. அதன் நடுவில் இரண்டு வட்டங்கள், ஒன்றையொன்று தொட்டபடி. ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் சின்னச் சின்னப் புள்ளிகள், எதிர் வட்டத்தின் பக்கமாக ஒதுங்கி வரிசை கட்டியிருக்கும். இவைதான் ப்ரோநியூக்ளியஸ்கள். ஒன்றில் தாயின் குரோமோசோம்கள், இன்னொன்றில் தந்தையின் குரோமோசோம்கள். இரண்டும் தெளிவாகத் தெரிந்தால் தாளில் 'டூ பிஎன்', அதாவது இரண்டு ப்ரோநியூக்ளியஸ், என்று குறித்து டிக் போடுவேன். கருவுறுதல் சரியாக நடந்திருக்கிறது என்று அதற்கு அர்த்தம். அந்த டிக்கைப் போடும் நேரத்தில் தாயின் பங்கும் தந்தையின் பங்கும் இன்னும் கலக்கவில்லை.

அவை ஒரே உட்கருவாகக் கூடுகிற ஒரு தருணம் மனிதக் கருவில் வருவதேயில்லை. சில மணி நேரம் கழித்து இரண்டு வட்டங்களின் சவ்வும் கரைகிறது, குரோமோசோம்கள் பிரிவதற்கு அணிவகுக்கின்றன, செல் இரண்டாகப் பிரிகிறது. எலியின் கருவில் அந்த முதல் பிரிவின்போதுகூடத் தாய்வழி, தந்தைவழி குரோமோசோம்களை, செல் பிரியும்போது அவற்றை இழுக்கும் இழைக்கதிர்கள் தனித்தனியாகப் பிரித்து வைத்திருப்பதை 2018-இல் காட்டினார்கள். சரி, விந்தணு உள்ளே நுழைவதையே தொடக்கம் என்று வைத்துக்கொள்ளலாமா? அப்போது முட்டை தன் கடைசிப் பிரிவையே முடித்திருக்காது. விந்தணு நுழைந்த பிறகுதான் அது தன் குரோமோசோம்களில் ஒரு பகுதியைத் துருவ உடல் என்ற சின்னச் செல்லாக வெளியே தள்ளுகிறது. ஆக, விந்தணு நுழையும் நொடியில் தாயிடமிருந்து இந்தக் கருவுக்கு எது வந்து சேரப்போகிறது என்பதே முடிவாகியிருக்காது.

அதற்கு அப்புறமும் 2 நாளுக்குக் கரு பெரும்பாலும் முட்டையில் தாய் சேர்த்துவைத்த மூலக்கூறுகளைக் கொண்டே இயங்குகிறது. கருவின் சொந்த மரபணுக்கள் வேலையைத் தொடங்குவது 4 செல்லுக்கும் 8 செல்லுக்கும் இடைப்பட்ட கட்டத்தில் என்று 1988-இல் கண்டறிந்தார்கள். உங்கள் வாக்கியம் சொல்லும் 'நொடி' இதில் எது? சவ்வுகள் ஒட்டுவதா, துருவ உடல் வெளியேறுவதா, வட்டங்கள் தோன்றுவதா, கரைவதா, முதல் பிரிவா, மூன்றாம் நாளா? மைக்ரோஸ்கோப் இவை எல்லாவற்றையும் காட்டும். இவற்றில் எதைத் தொடக்கம் என்று கொள்வது என்பதை அது சொல்லாது.

உங்களில் யாராவது, "சரி, 'நொடி' என்பதை 'கருவுறும் நிகழ்வு' என்று மாற்றிவிடுவோம்" என்று சொல்லலாம். மாற்றினாலும் பிரச்சினை தீராது. அது அதற்குப் பிந்தைய 2 வாரங்களில் இருக்கிறது.

ஒரே கருவிலிருந்து வரும் இரட்டையரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் பிரசவங்களில் 3 அல்லது 4 இப்படி நடக்கின்றன. கரு முதல் 3 நாளுக்குள் பிரிந்தால் இரண்டு நஞ்சு (நஞ்சுக்கொடி), 4 முதல் 8 நாளுக்குள் என்றால் ஒரே நஞ்சு, அதற்கும் பிந்தினால் ஒரே பனிக்குடப் பை, 13 நாளுக்கு மேல் போனால் ஒட்டிப் பிறக்கும் இரட்டையர் என்று உங்கள் நூலே மகப்பேறு அத்தியாயத்தில் அட்டவணை போட்டிருக்கிறது. அதே நூலின் அறவியல் அத்தியாயம் முதல் நாளே ஒரு மனிதர் வந்துவிட்டார் என்கிறது. மாணவர் இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பார். ஆறாம் நாளில் அந்தக் கரு பிரிந்தபோது, முதல் நாள் வந்த மனிதருக்கு என்ன ஆயிற்று என்று கேட்பார். அவரே இருவர் ஆகிவிட்டாரா? ஒருவர் எப்படி இருவராக இருக்க முடியும்? அவர் மறைந்து புதிதாக இருவர் வந்தார்களா? அப்படியென்றால் சடலமே இல்லாத ஒரு மரணம் நடந்திருக்கிறது. இல்லை, முதலாமவர் அப்படியே இருக்க, அவரிடமிருந்து இரண்டாமவர் மட்டும் ஆறாம் நாள் தொடங்கினாரா? இரட்டையரில் யார் அந்த இரண்டாமவர்? அத்துடன், அவரைப் பொறுத்தவரை 'கருவுறும்போது தொடங்குகிறார்' என்ற விதியே பொய்யாகிவிடும்.

எதிர்த்திசையிலும் நடக்கிறது. ஒரு பெண்ணின் பிள்ளைகளில் இருவர் மரபணுச் சோதனையில் அவர் பிள்ளைகள் இல்லை என்று வந்த ஒரு நிகழ்வை 2002-இல் மருத்துவ இதழ் ஒன்றில் பதிவு செய்தார்கள். அவர் உடலை மேலும் ஆராய்ந்தபோது இரண்டு வேறு மரபணுத் தொகுதிகள் இருந்தன. தனித்தனியாகக் கருவுற்ற இரண்டு முட்டைகள் ஆரம்பத்திலேயே ஒன்றாகச் சேர்ந்து அந்த ஒரு பெண்ணாக வளர்ந்திருக்கின்றன. கருவுறுதல் இரண்டு, ஆள் ஒருவர். உங்கள் வாக்கியத்தின்படி காணாமல் போன மற்றவர் எங்கே?

முத்துப்பிள்ளை கர்ப்பம் என்று மக்கள் சொல்வதை நினைத்துப் பாருங்கள். முழு முத்துப்பிள்ளையில் விந்தணு முட்டைக்குள் நுழைகிறது, பொதுவாக 46 குரோமோசோம்களும் இருக்கின்றன, எல்லாமே மனித டி.என்.ஏ. ஆனால் அத்தனையும் தந்தைவழி. நாள் தள்ளிப் போகும், சோதனை பாசிட்டிவ் காட்டும், வாந்தியும் மயக்கமும் வழக்கத்தைவிட அதிகமாகவே இருக்கும். ஸ்கேன் பார்த்தால் திராட்சைக் கொத்துபோல் கொப்புளங்கள். குழந்தை அதில் ஒருநாளும் இருந்ததில்லை. "அது முறையான கருவுறுதல் அல்ல" என்று நீங்கள் சொல்வீர்கள், நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எதை வைத்து அப்படிச் சொல்கிறோம்? மனித உடலாக ஒழுங்குபட வழியில்லாததை மனிதர் என்று கொள்ள முடியாது என்று நமக்கு முன்பே ஒரு எண்ணம் இருக்கிறது. அந்த எண்ணத்தை வைத்துத்தான் எந்தக் கருவுறுதல் கணக்கில் வரும், எது வராது என்று பிரிக்கிறோம். அந்த எண்ணம் லேப்பில் கிடைத்ததல்ல. மனிதர் என்றால் என்ன என்று நாம் யோசித்து வைத்திருப்பதிலிருந்து வருகிறது. அந்த யோசனையைத்தான் வரைவிலிருந்து எடுத்துவிட்டீர்கள்.

கருவுறுதல் போதாது என்பதோடு, அது தேவையுமில்லை. 1996-இல் குளோனிங் முறையில், வளர்ந்த ஆடு ஒன்றின் உடல் செல்லிலிருந்து பிறந்த டாலி என்ற ஆட்டுக்குக் கருவுறுதலே நடக்கவில்லை. அதே முறையில் ஒரு மனிதர் பிறந்தால் அவர் தொடங்கவேயில்லை என்று சொல்வோமா? 2023-இல் விந்தணுவும் முட்டையும் இல்லாமல், குருத்தணுக்களிலிருந்து மட்டும், 14 நாள் மனிதக் கருவை ஒத்த மாதிரிகளை உருவாக்கினார்கள். இன்று உங்கள் நூலைப் படிக்கும் மாணவர் நாளை இப்படியொரு லேப்பில் வேலைக்குச் சேரலாம். அங்கே அவருக்கு இந்த ஒரு வரி எந்த வழியையும் காட்டாது.

இவ்வளவும் கருவுறுதல் தரப்பைத் தோற்கடித்துவிட்டது என்று எண்ணிவிட வேண்டாம். அவர்களிடம் நல்ல பதில்கள் உண்டு. தட்டைப்புழுவை வெட்டினால் இரண்டு புழுக்கள் வளர்கின்றன, அதற்காக வெட்டும் முன் அது ஒரு புழுவாக இருக்கவில்லை என்று யாரும் சொல்வதில்லை என்பார்கள். முதல் செல்லிலிருந்து முதுமைவரை அறுபடாமல் தன்னைத்தானே கட்டிக்கொண்டு போகும் ஒரே வளர்ச்சி இருக்கிறது, நடுவில் கோடு கிழித்து 'இதற்கு முன் வேறு யாரோ' என்று சொல்ல எந்த நியாயமும் இல்லை என்பார்கள். இது வலுவான வாதம். என் சக ஊழியர் ஒருவர் இதை மனதார ஏற்பவர். உறைநிலையில் வைத்த கருக்களை அப்புறப்படுத்தும் வேலையிலிருந்து தன்னை விலக்கச் சொல்லிக் கேட்டார், விலக்கினோம். உங்கள் வரைவை அவருக்குக் காட்டினேன். "என் நம்பிக்கையை மைக்ரோஸ்கோப் சொன்னதாக எழுதினால், நாளைக்கு இன்னொரு மைக்ரோஸ்கோப் வந்து அதை எடுத்துவிடும். நான் ஏன் அப்படி நினைக்கிறேன் என்பதை எழுதச் சொல்லுங்கள்" என்றார்.

என் சொந்த முடிவையும் மறைக்க வேண்டியதில்லை. கரு பதிந்து ஏறக்குறைய ஒரு வாரம் கழித்து, 14, 15-ஆம் நாள் வாக்கில், பிரிமிட்டிவ் ஸ்ட்ரீக் என்ற கோடு அதில் தோன்றுகிறது. எது தலைப்பக்கம், எது வால்பக்கம், எது இடம், எது வலம் என்பதெல்லாம் அதிலிருந்து கண்ணுக்குத் தெரியும்படி அமைகிறது. அதற்குமுன் இருந்த செல்களில் பெரும்பகுதி நஞ்சாகவும் சவ்வுகளாகவும் போகிறது. அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டால் பொதுவாக இரட்டையாகப் பிரிவதும் நின்றுவிடுகிறது. ஒரு தனி உடல், இன்னார் என்று ஒருவரைச் சுட்டக்கூடிய நிலை, அங்கேதான் வருகிறது என்று நான் நினைக்கிறேன். நார்மன் ஃபோர்டு என்ற கத்தோலிக்கப் பாதிரியார் 1988-இல் ஏறத்தாழ இதையே வாதிட்டார். பாரி ஸ்மித், பெரிட் புரோகார்ட் என்ற தத்துவ ஆசிரியர்கள் 2003-இல் 16-ஆம் நாள் என்றார்கள். ஆனால் இதை எழுதி, 'அறிவியலால் நிறுவப்பட்டது' என்று அடியில் சேர்த்து, ஒரு மதிப்பெண் கேள்வி வைத்தீர்கள் என்றால் அதையும் எதிர்த்து இதே மடலை எழுதுவேன். தனி உடலாக இருப்பதுதான் மனிதராக இருப்பதற்கு அளவுகோல் என்பது என் வாதம். அதை எந்த லேப் ரிப்போர்ட்டும் எனக்குத் தரவில்லை.

வேறு அளவுகோல்களும் இருக்கின்றன. தன்னைத் தான் என்று அறிந்து நினைவோடு இருப்பவரே ஆள் என்றார் தத்துவ அறிஞர் ஜான் லாக். அதை அப்படியே எடுத்தால் பிறந்த சிசுவும் வெளியே நிற்கும். உணரும் திறன் போதும் என்றால், மூளையில் உணர்வுச் செய்திகளைக் கடத்தும் தாலமஸும் வெளிப்பகுதியான புறணியும் இணையத் தொடங்கும் 24-ஆம் வார வாக்கிற்குப் போக வேண்டும். அப்படியானால் அதுவரை வயிற்றில் வளர்ந்தது யார், நான் அதன் இடத்தில் வந்து குடியேறினேனா என்று தத்துவ ஆசிரியர் எரிக் ஓல்சன் திருப்பிக் கேட்கிறார். பிறக்கும்வரை சிசு தாயுடலின் ஒரு பகுதி என்று வாதிடுகிறார் இன்னொரு தத்துவ ஆசிரியரான எல்ஸலைன் கிங்மா. இவற்றில் எதையும் மாணவர் மனப்பாடம் செய்ய வேண்டாம். ஆனால் இப்படி ஒரு விவாதம் நடக்கிறது என்பதையே அவரிடமிருந்து மறைக்கக் கூடாது.

'எப்போதும் எல்லோரும் இப்படித்தான் நினைத்தார்கள்' என்ற தோரணையும் வரைவில் இருக்கிறது. கரு உருப்பெற ஆணுக்கு 40 நாள், பெண்ணுக்கு 90 நாள் என்று அரிஸ்டாட்டில் கணக்குச் சொன்னார். யூத மரபில் அதற்கு 40 நாள், இஸ்லாமிய மரபில் உயிர் புகப் பலர் ஏற்பது 120 நாள். கத்தோலிக்கத் திருச்சபையில் 1588-இல் போப் ஐந்தாம் சிக்ஸ்துஸ் எல்லாக் கருக்கலைப்புக்கும் ஒரே கடுமையான தண்டனை விதித்தார். 1591-இல் போப் பதினான்காம் கிரகோரி அதைத் தளர்த்தி, உயிர் புகுந்த கரு, புகாத கரு என்ற வேறுபாட்டுக்குத் திரும்பினார். 1869-இல் போப் ஒன்பதாம் பயஸ் அந்த வேறுபாட்டை மறுபடி எடுத்தார். நம் மாணிக்கவாசகரோ தாய் வயிற்றில் கழிந்த மாதங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, ஒவ்வொன்றிலும் தப்பிப் பிழைத்து வந்ததைப் பாடினார். அவருக்கு அந்த முதல் மாதத்திலேயே பிழைப்பதற்கு ஒருவர் இருந்தார். மனிதர்கள் இதில் ஒத்துப்போனதே இல்லை.

இப்போது, இது ஏன் வெறும் பாட விவகாரம் இல்லை என்று சொல்கிறேன்.

வரைவு இன்னும் அச்சுக்குப் போகவில்லை. ஆனால் மாணவர் கைகளுக்குப் போய்விட்டது. எங்கள் மையத்தில் பயிற்சிக்கு வந்த மாணவர் ஒருவர், உறைநிலைக் கருக்களை என்ன செய்வது என்று படிவம் நிரப்ப வந்த ஒரு தம்பதியிடம் உட்கார்ந்திருந்தார். அவர்களுக்கு ஏற்கெனவே ஒரு பெண் குழந்தை, அதே சிகிச்சையில், அதே தடவை உருவாக்கிய கருக்களில் ஒன்றிலிருந்து பிறந்தவள். மீதிக் கருக்கள் மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் இருக்கின்றன. அந்தத் தாய், "இதெல்லாம் என்னங்க கணக்கு? ஆளா, இல்லையா?" என்று கேட்டார். மாணவர் கெட்ட எண்ணம் இல்லாதவர். படித்ததைச் சொன்னார். கருவுற்றபோதே மனிதர் ஆகிவிட்டார்கள், அறிவியல் அப்படித்தான் சொல்கிறது என்றார். அந்தத் தாய் பேனாவை மேசையில் வைத்துவிட்டார். "அப்போ போன வருஷம் வளராம நின்னுபோச்சுன்னு சொல்லி நீங்க எடுத்துப் போட்டதெல்லாம் யாரு?" என்று கேட்டார். பதில் சொல்ல மாணவருக்கு எந்தப் பயிற்சியும் தரப்பட்டிருக்கவில்லை. அந்த ஒரு வரிக்கு அப்பால் அவர் எதையும் படித்ததில்லை. அந்தப் படிவம் இன்னும் நிரப்பப்படாமல் கிடக்கிறது.

அந்தத் தாயின் கேள்விக்கு நேர்மையாக என்ன சொல்லலாம்? கருவில் எது இருக்கிறது, எது இன்னும் இல்லை, அது பதிந்து வளர எவ்வளவு வாய்ப்பு என்பதை நாங்கள் உறுதியாகச் சொல்ல முடியும். அதற்கு எவ்வளவு மதிப்புக் கொடுப்பது என்பதில் சிந்தித்த மனிதர்கள் வேறுபடுகிறார்கள் என்று சொல்லி, அந்த வேறுபாடுகளைக் காட்ட முடியும். உங்கள் நம்பிக்கை எதுவோ அதற்கு இசைவாக என்னென்ன வழிகள் இருக்கின்றன என்று எடுத்து வைக்க முடியும். இதைச் செய்யப் பழக்கத்தான் அந்த 3 வகுப்புகள் இருந்தன.

இதற்கு நேர்மாறான காயத்தையும் பார்த்திருக்கிறேன். உங்கள் வரைவின் சிகிச்சை அத்தியாயத்தில், பழைய நூலிலிருந்து அப்படியே எடுத்த ஒரு கட்டம் இருக்கிறது: "14 நாள்வரை கரு என்பது வெறும் செல்களின் தொகுப்பே." அறவியல் அத்தியாயம் முழு மனிதர் என்கிறது, சிகிச்சை அத்தியாயம் வெறும் செல்கள் என்கிறது, இரண்டும் ஒரே நூலில். இந்தக் கட்டத்தைப் படித்து வளர்ந்த செவிலியர் ஒருவர், சோதனையில் மங்கலாக இரண்டாம் கோடு வந்து சில நாளில் கரு தங்காமல் போன ஒரு பெண்ணிடம், ஆறுதல் சொல்வதாக எண்ணி, "அது இன்னும் குழந்தையே இல்லம்மா, வெறும் செல்லுதான், அழாதீங்க" என்றார். அந்தப் பெண் அழுகையை நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகு எங்கள் மையத்துக்கு அவர் வரவேயில்லை. அவர் இழந்தது எது என்று அளந்து சொல்ல நமக்கு யார் உரிமை கொடுத்தார்கள்? பதினான்காம் நாள் என் சொந்த முடிவு என்று மேலே எழுதினேன். அந்த முடிவை வைத்துக்கொண்டு ஒரு தாயின் துக்கத்தை நான் திருத்தப் போக மாட்டேன். தனி மனிதராகத் தொடங்கியிருந்தாரா என்பதும், அங்கே மதிக்கவும் துக்கப்படவும் ஒன்று இருந்ததா என்பதும் வேறு வேறு கேள்விகள்.

இதோடு சேர்ந்த ஒரு தகவலை மாணவர்கள் கட்டாயம் எதிர்கொள்ள வேண்டும். 1988-இல் வெளியான ஓர் ஆய்வில், குழந்தைக்கு முயன்ற பெண்களின் சிறுநீரைத் தினமும் சோதித்தார்கள். கண்டறிந்த 198 கர்ப்பங்களில் 22 சதவீதம், அந்தப் பெண்களுக்கே கர்ப்பம் என்று உறுதியாகத் தெரியும் முன் முடிந்துபோயிருந்தன. பதியாமலே போகும் கருக்கள் இந்தக் கணக்கில் வரவில்லை. கருவுற்ற ஒவ்வொன்றும் நம்மைப் போன்ற முழு மனிதர் என்றால், உலகில் மனிதர்கள் அதிகம் இறப்பது இங்கேதான். அதைத் தடுக்க யாரும் மருத்துவமனை கட்டுவதில்லை, அந்தக் கருத்தை ஏற்பவர்களும் கட்டுவதில்லை. இது அவர்கள் கருத்தைப் பொய்யாக்கிவிடாது. ஒரு காலத்தில் சிசுக்களும் பெருமளவில் இறந்தார்கள், அதனால் அவர்கள் மனிதர் இல்லை என்று ஆகிவிடவில்லை. ஆனால் அந்த எண்ணை வைத்துக்கொண்டு யோசிக்காத மாணவர் அந்தக் கருத்தை உண்மையில் புரிந்துகொண்டவரும் இல்லை.

சின்ன விஷயம் ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வரைவின் வளர்ச்சி அட்டவணையில் வாரக் கணக்குக் கடைசி மாதவிடாயிலிருந்து தொடங்குகிறது. ஆக முதல் 2 வாரங்களில் கருவே இல்லை. அடுத்த பக்கத்தில் நாள் கணக்குக் கருவுறுதலிலிருந்து. எங்கும் விளக்கம் இல்லை. '14 நாள்' என்பதையும் '2 வாரம்' என்பதையும் ஒன்றாக எண்ணிக்கொண்டு மாணவர்கள் என்னிடம் வருகிறார்கள்.

ஒரு குழு இதை எப்படி நேர்மையாகக் கையாளலாம் என்பதற்கு உங்களுக்கு முன்னுதாரணம் உண்டு. மேரி வார்னாக் என்ற தத்துவ அறிஞர் தலைமையில் பிரிட்டனில் அமைந்த குழு 1984-இல் அறிக்கை கொடுத்தது. உயிரோ ஆளுமையோ எப்போது தொடங்குகிறது என்பது நேரடியான தகவல் கேள்விபோலத் தோன்றினாலும், அதன் விடைகளில் தகவலும் அறத் தீர்ப்பும் பின்னிக் கிடக்கின்றன என்று அந்தக் குழு வெளிப்படையாக எழுதியது. அதனால் கருவை எப்படி நடத்துவது சரி என்ற கேள்விக்கு நேராகப் போனது. 14 நாளுக்கு மேல் ஆய்வகத்தில் வளர்க்கக் கூடாது என்ற வரம்பை முன்வைத்தது. 1990-இல் அது அந்நாட்டுச் சட்டமாயிற்று. அவர்கள் சட்டத்துக்கு ஒரு கோடு வேண்டுமென்று கோடு போட்டார்கள், அது தாங்கள் போட்ட கோடு என்பதை ஒளிக்கவில்லை. அதனால்தான் 2016-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் கருக்களை 12, 13 நாள்வரை வளர்த்துக் காட்டியபோது, அந்தக் கோட்டை நகர்த்தலாமா என்று உலகம் காரணங்களோடு விவாதிக்க முடிந்தது. இயற்கையே போட்ட கோடு என்று எழுதியிருந்தால் விவாதிக்க எதுவும் இருந்திருக்காது.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இவை.

அந்த வாக்கியத்தையும் அதைத் தொடரும் ஒரு மதிப்பெண் கேள்வியையும் அச்சுக்குப் போகும் முன் நீக்குங்கள். சிகிச்சை அத்தியாயத்தின் 'வெறும் செல்கள்' கட்டத்தையும் கூடவே எடுத்துவிடுங்கள். ஒன்றை எடுத்து இன்னொன்றை வைத்தால் ஒரு தரப்புக்குச் சாய்ந்ததாகத்தான் ஆகும்.

3 வகுப்புகளைத் திருப்பிக் கொடுங்கள். முதல் வகுப்பு லேப்பில் நடக்கட்டும். கருவுறுதலின் முதல் நாளை, இடைவெளி விட்டு எடுத்த படங்களை வேகமாக ஓட்டிக் காட்டும் டைம்லாப்ஸ் பதிவில் மாணவர்கள் தங்கள் கண்ணால் பார்க்கட்டும். எங்கள் மையத்தில் அதற்கு ஏற்பாடு செய்ய நான் பொறுப்பேற்கிறேன். அடையாளங்கள் நீக்கி, சம்பந்தப்பட்டவர்களின் அனுமதியோடு. மற்ற வகுப்புகளில் எது பார்த்து அறிந்தது, எது வாதித்து அடைந்தது என்று பிரித்துக் காட்டுங்கள். கருவுறுதல் தரப்பின் வாதத்தை அதை உண்மையாகவே நம்பும் ஒருவரைக் கொண்டு எழுதச் செய்யுங்கள், என்னைப் போன்றவர்கள் எழுத வேண்டாம்.

தேர்வில் இந்தப் பகுதிக்குக் கட்டுரைக் கேள்வி வையுங்கள். எந்த முடிவுக்கு வந்தார் என்பதற்கு மதிப்பெண் கொடுக்காமல், இரட்டையரையும் முத்துப்பிள்ளையையும் ஆரம்பகால இழப்புகளையும் அவர் முடிவு எப்படிச் சமாளிக்கிறது என்பதற்குக் கொடுங்கள். வாரக் கணக்கு அட்டவணையில் ஓர் அடிக்குறிப்பு சேருங்கள்.

குழுவில் இப்போது இருப்பவர்கள் எல்லோரும் மருத்துவர்கள். இந்த அத்தியாயத்துக்காவது ஒரு தத்துவ ஆசிரியர், ஒரு மகப்பேறுச் செவிலியர், இந்தச் சிகிச்சையின் வழியே போய்வந்த ஒருவர் ஆகியோரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. விவாதப் பகுதியை நீக்கிய முடிவுக்கான காரணங்களைக் கூட்டக் குறிப்போடு வெளியிடுங்கள். வரைவு மாணவர்களிடம் பரவிவிட்டதால், இந்தப் பகுதி மறுபரிசீலனையில் இருக்கிறது என்று இப்போதே கல்லூரிகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். இந்த மடலுக்கான பதிலையும் எனக்குத் தனியாக எழுத வேண்டாம், வரைவைப் பெற்ற பயிற்றுநர்கள் எல்லோருக்கும் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
எம்ப்ரியாலஜிஸ்ட் ஒருவர், பயிற்றுநர்